சாரதியின் கட்டுப்பாட்டை இழந்து...

செய்தி ஆசிரியர் மேசையில் 30 வருடங்களைக் கழித்த ஒருவனுக்குச் சில வசனங்கள் கையோடு ஒட்டிக்கொண்டுவிடும். "சாரதியின் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் வீதியை விட்டு விலகி மரத்துடன் மோதியதில்" என்பது அவற்றில் ஒன்று. பிராந்திய நிருபர் தொலைபேசியில் விபரம் சொல்லி முடிப்பதற்கு முன்னரே இந்த வரி தாளில் இறங்கிவிடும். ஊரின் பெயர், வாகனத்தின் ரகம், இறந்தவர்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றை மாற்றினால் போதும். எத்தனை நூறு தடவை இதை எழுதியிருப்பேன், பிறர் எழுதியதை எத்தனை தடவை திருத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் அந்தக் கட்டுப்பாடு எப்படி இழக்கப்பட்டது என்று எந்த நிருபரிடமும் ஒரு நாளாவது நான் கேட்டதாக ஞாபகம் இல்லை. நித்திரைக் கலக்கம், அதிவேகம், மதுபோதை என்று பொலிஸார் சொல்வதில் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு காலைப்பொழுது, அந்த வசனத்துக்குள் நானே போய் விழப் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் அக்கா இருந்தார்.

வாகனம் அத்தானுடையது. 1995இல் ஜப்பானில் உற்பத்தியான டொயோட்டா ஹைலக்ஸ், 2.8 லீட்டர் டீசல் எஞ்சின், நான்கு கதவுகள், பின்னால் திறந்த பெட்டி. செய்தியில் நாங்கள் 'கெப் ரக வாகனம்' என்று எழுதுவோம், வீட்டில் 'டபுள் கெப்' என்போம். அத்தானுக்குக் கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குக் கிட்ட, ஒரு சிறிய இரும்புச்சாமான் கடை இருந்தது. 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. அடுத்த வருடமே அவர் இந்த வாகனத்தை வாங்கிவிட்டார். இங்கிருந்து ஆணி, கதவுப் பிணைச்சல், குழாய்ச்சாமான், பெயின்ற் வாளி எல்லாம் யாழ்ப்பாணத்துக்குப் போகும். அங்கிருந்து சின்ன வெங்காயமும் பனங்கட்டியும் வரும். பாரம் தாங்குவதற்காகப் பின்பக்க வில்லுத்தகட்டு அடுக்கில், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு தடித்த தகடுகளை மேலதிகமாகச் சேர்த்திருந்தார். அவற்றை எங்கேயோ ஒரு பழைய லொறியிலிருந்து கழற்றி எடுத்ததைப் பெருமையாகச் சொல்வார். 2006 ஓகஸ்ட் மாதத்தில் பாதை மூடப்பட்டபோது வாகனம் கொழும்புக்குள் முடங்கியது. போர் முடிந்த பின்னர் மீண்டும் ஓடியது.

2018இல் அத்தான் மாரடைப்பால் காலமானார். மெல்பேர்னில் இருக்கும் மகள் வாகனத்தை விற்றுவிடச் சொன்னாள். அக்கா என்னைக் கூப்பிட்டுத் திறப்பைக் கையில் தந்தார். "தம்பி, நீயே வைச்சு ஓடு. விக்க மனமில்லை" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெள்ளவத்தையில் ஒரு டபுள் கெப்பை வைத்திருப்பது எவ்வளவு பெரிய சோதனை என்பது அந்தப் பகுதியை அறிந்தவர்களுக்குத் தெரியும். காலி வீதியிலிருந்து மரைன் டிரைவ் வரை இறங்கும் ஒழுங்கைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் வாகனங்கள், நடுவில் முச்சக்கரவண்டி, அதற்குப் பின்னால் மீன்காரரின் சைக்கிள். ஆறு தடவை முன்னும் பின்னும் எடுத்தால்தான் வாகனம் வாசலுக்குள் நுழையும். 2022இன் இறுதியில் எனக்கு வலது தோள்மூட்டு இறுகிப்போய், கையைத் தலைக்கு மேல் உயர்த்த முடியாத நிலை வந்தது. அதே காலத்தில் வாகனத்தின் பவர் ஸ்டியரிங் பம்பியிலிருந்து எண்ணெய் கசியத் தொடங்கியது. மனிதனும் வாகனமும் ஒருமித்துத் தேய்ந்த காலம் அது.

புதிய வாகனம் என்ற பேச்சுக்கே அப்போது இடமில்லை. 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களும் இந்த நாடு பழைய வாகனங்களின் தயவில்தான் ஓடியது. பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய உதிரிப்பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பதற்குள் அதன் விலை ஏறிவிடும். நான் கொண்டுபோன கராஜ்காரர் கசிந்த பம்பியைக் கழற்றிவிட்டு, வேறொரு வாகனத்தினுடைய பாவித்த பம்பி ஒன்றைப் பொருத்தினார். "இது பெரிய பம்பி, சேர். இனி ஸ்டியரிங் பூ மாதிரி" என்றார். கழற்றிய பழையதை ஒரு பொலித்தீன் பையில் போட்டு என் கையில் தந்தார். அதைக் கொண்டுவந்து வீட்டுச் சாமான் அறையில் எறிந்தேன்.

அவர் சொன்னது உண்மை. சுண்டுவிரலால் திருப்பலாம். தோள்வலிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இராமகிருஷ்ண வீதியில் இரண்டு வான்களுக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு இறங்கியபோது, மனைவியிடம் பெருமையடித்ததும் நினைவிருக்கிறது. ஆறு மாதங்கள் கொழும்புக்குள்ளேயே ஓடினேன். ஒரு குறையும் தெரியவில்லை. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் எந்தக் குறைதான் தெரியும்?

ஆடியில் அத்தானின் திவசம். கொக்குவிலில் அவருடைய சகோதரர் வீட்டில் செய்வது வழக்கம். விடியற்காலை மூன்று மணிக்குக் கொட்டாஞ்சேனையில் அக்காவை ஏற்றிக்கொண்டு நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் வழியாகப் புறப்பட்டோம். புத்தளத்தைத் தாண்டி அனுராதபுரத்துப் பாதையில் வேகம் பிடித்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று உணர்ந்தேன். வாகனம் ஒரு கோட்டில் நிற்கவில்லை. மெல்ல இடதுபக்கம் சரியும்; சற்றுத் திருத்தினால் வலதுபக்கம் போய்விடும்; மறுபடி திருத்த வேண்டும். கைகளுக்கு ஒரு பிடிமானமும் இல்லை. தண்ணீருக்குள் கையை வைத்துத் துழாவுவது போன்ற உணர்வு. களைப்பு என்று நினைத்துக்கொண்டு, மதவாச்சியில் தேநீர் குடித்துவிட்டுத் தொடர்ந்து ஓடினேன். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு வாகனம் 100 கிலோமீற்றர் தூரம் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது.

புளியங்குளம் கடந்து மாங்குளத்துக்கு முன்னர், வலப்பக்கப் பற்றையிலிருந்து ஒரு மாடு நிதானமாக வீதியில் ஏறியது. எழுபதில் வந்துகொண்டிருந்தேன். இடதுபக்கம் ஓர் ஒடிப்பு; எப்போதும் போல, என் கைக்குப் பழகிய அளவு. ஆனால் வாகனம் நான் கேட்டதைப் போல இரண்டு மடங்கு திரும்பியது. இடதுபக்கச் சக்கரங்கள் கிரவலில் இறங்கின. பதறி வலதுபக்கம் இழுத்தேன். அதுவும் இரண்டு மடங்கானது. பின்பக்கம் வீசி, எதிர்ப்பக்கத்துக்குப் போய், மறுபடி இடதுபக்கம் வந்து, மூன்றாவது வீச்சில்தான் அடங்கியது. எதிரே அந்த நேரத்தில் ஒரு பஸ் வரவில்லை என்பதைத் தவிர, இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. மாடு அசையவே இல்லை, நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா சத்தம் போடவில்லை. முன்னாலிருந்த பிடியை இரண்டு கைகளாலும் பற்றியிருந்தார். முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட எல்லோரையும் போல நாங்களும் இறங்கினோம். தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டவர், வாகனத்தில் ஏறும்போது மட்டும் சொன்னார்: "தம்பி, திரும்பேக்க நான் பஸ்ஸிலை போறன்." அப்படியே பஸ்ஸில்தான் போனார். நான் மணிக்கு 40 கிலோமீற்றரில் தனியே ஊர்ந்து கொழும்பு வந்து சேர்ந்தேன்.

மீண்டும் அதே கராஜுக்குத்தான் போனேன். அது என் இரண்டாவது மடமை. "அதுக்கென்ன சேர், கொஞ்சம் பாரமாக்கி விடுவம்" என்றார் அவர். ஸ்டியரிங் பெட்டியின் மேற்பக்கத்தில், பூட்டு நட் ஒன்றினால் இறுக்கிய ஒரு திருகாணி இருக்கிறது. பெட்டிக்குள்ளிருக்கும் பற்களுக்கு இடையிலான தளர்வைச் சரிசெய்வதற்கான ஆணி அது. அதைப் பிடித்து இறுக்கினார். பாரம் வந்தது, சந்தேகமில்லை. ஆனால் அது துருப்பிடித்த படலையைத் தள்ளுவது போன்ற பாரம். வளைவில் திருப்பிய சக்கரம் திரும்பிய இடத்திலேயே நின்றது. நேராக்குவதற்கும் நானே இழுக்க வேண்டியிருந்தது. முன்னர் வாகனம் தானாக அலைந்தது. இப்போது நான் விட்ட இடத்தில் கோணலாக நின்றது. இரண்டில் எது மோசம் என்று சொல்வது கடினம்.

கொட்டாஞ்சேனையில் அத்தானின் கடைக்குப் பின்புற ஒழுங்கையில் ஒரு முதிய பாஸ் இருக்கிறார். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் வேலைத்தளத்தில் இளவயதில் பயிலுநராகச் சேர்ந்து, லேலண்ட் பஸ்களுடன் வாழ்நாளைக் கழித்தவர். சிங்களவர், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்ததால் தமிழ் அவருக்கு இன்னொரு தாய்மொழி. தகரக்கூரை போட்ட அந்தச் சிறிய கராஜில் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. அவரிடம் போகும்படி சொன்னது அக்காதான். அத்தான் இருந்தவரை அவரிடம்தான் கொடுப்பாராம். நான் வெள்ளவத்தையில் வசதியாக ஓர் இடத்தைத் தேடிக்கொண்டவன்.

பாஸ் எஞ்சின் மூடியைத் திறக்கவில்லை. முதலில் வாகனத்தைச் சுற்றி நடந்தார். டயர்களின் காற்றை அளந்தார். முன்டயர்கள் இரண்டிலும் காற்று கூடுதலாக இருந்தது. அதுவும் ஸ்டியரிங்கை இலேசாக்கும் என்றார்; சாரதியின் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அளவுக்குக் குறைத்தார். பிறகு ஓர் அடிமட்டத்தை எடுத்து, நான்கு சக்கரங்களுக்கு மேலும் வளைவின் உயரத்தை அளந்தார். அளந்துவிட்டுச் சற்று விலகி நின்று பார்த்தார். "மாத்தயா, வாகனம் குனிஞ்சு நிக்குது" என்றார். நானும் அப்போதுதான் பார்த்தேன். பின்பக்கம் உயர்ந்து, மூக்கு நிலத்தைப் பார்த்தபடி நின்றது.

பெட்டியின் திருகாணியை உரிய அளவுக்குத் தளர்த்திய பின்னர், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை மட்டக்குளி காக்கைத்தீவுப் பக்கம் என்னை அழைத்துச் சென்றார். வெறிச்சோடிய பாதை. அங்கே பம்பியின் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். அதாவது பவர் இல்லை, வெறும் இரும்பு மட்டும். "இருவதுக்கு மேலை போக வேணாம். திருப்பிப்போட்டுக் கையை விடுங்க" என்றார். திருப்பினேன், தோளில் உயிர் போனது. கையை விட்டேன். சக்கரம் சோம்பலாகப் பாதி வழி வந்து நின்றுவிட்டது. பாஸ் தலையை ஆட்டினார். "பம்பி இல்லாமலும் வீட்டுக்கு வருதில்லை. அப்ப பம்பியில மட்டும் குற்றமில்லை. இது ரெண்டு வருத்தம்."

அவர் விளக்கியதையும், பின்னர் நான் தேடி வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்கவை நேர் செங்குத்தாக இல்லை. மேற்பக்கம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வின் கோட்டை நிலம்வரை நீட்டினால், டயர் நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். எனவே ஓடும்போது டயர் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது. இழுபடும் எதுவும் நேராக வரத்தான் பார்க்கும். எரிபொருள் தடைக்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குச் சைக்கிளில் போய்வந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். பலாலி வீதியில் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு ஓடுவோம். அந்தச் சாகசத்துக்கு உதவிய காரணங்களில் இந்தச் சாய்வும் ஒன்று என்று அன்று எங்களுக்குத் தெரியாது, எல்லாம் எங்கள் திறமை என்றே நினைத்திருந்தோம். கார், கெப், லொறி எல்லாவற்றிலும் முன்சக்கரம் திரும்பும் அச்சு இதேபோலச் சில பாகைகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேராவதும், வேகத்தில் அது ஒரு பாரத்துடன் நடுவில் நிற்பதும் பெருமளவு இதனால்தான்.

அத்தானின் இரண்டு தகடுகளும் பின்பக்கத்தை உயர்த்தியிருந்தன. முன்பக்கத்தைத் தாங்கும் நீண்ட முறுக்குக் கம்பிகளோ 28 வருடங்களில் தளர்ந்து இறங்கியிருந்தன. வாகனமே முன்னுக்குக் குனிந்தபோது, பின்னோக்கிச் சாய்ந்திருந்த அச்சு நிமிர்ந்துவிட்டது. அத்தான் ஓடியபோது பெட்டி நிறையச் சாமான் இருந்தது. அந்தப் பாரத்தில் பின்பக்கம் தணிந்து கணக்குச் சரியாகிவிட்டது. நான் ஓடியபோது பெட்டியில் அக்காவின் ஒரு பயணப்பையும் ஒரு வாழைக்குலையும்தான்.

இரண்டாவது வருத்தம் பம்பி. பவர் ஸ்டியரிங் பெட்டிக்குள் எண்ணெய் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. நேராகப் போகும்போது அது தடையின்றிச் சுற்றி வந்து தாங்கிக்குள் விழுந்துவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உள்ளே ஒரு மெல்லிய தண்டு சற்றே முறுகும். அந்த முறுக்கு ஒரு வால்வின் வாசல்களை ஒரு பக்கம் ஒடுக்கி மறுபக்கம் திறக்கும். ஒடுங்கிய இடத்தில் அழுத்தம் ஏறி, அந்த அழுத்தம் நமக்காகச் சக்கரத்தைத் தள்ளும். பூமரத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயை விரலால் பாதி மூடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். விரல் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் இரண்டு மடங்கு வந்தால் விரலில் அழுத்தம் இரண்டு மடங்கோடு நிற்காது, அதையும் தாண்டி எகிறும். பெரிய பம்பி செய்தது அதைத்தான். கை ஒரு நூல் அளவு அசைந்தாலும் அது முழு வேகத்தில் உதவிக்கு ஓடி வந்தது.

இந்த இடத்தில் பலர் தவறு விடுகிறார்கள் என்றார் பாஸ். பம்பியின் உச்ச அழுத்தத்தைக் குறைத்தால் ஸ்டியரிங் பாரமாகும் என்று நினைப்பார்களாம். உச்ச அழுத்தம் தேவைப்படுவது வாகனத்தை நிறுத்தும்போது, நின்ற இடத்தில் சக்கரத்தை முழுதாகத் திருப்பும்போது. அதைக் குறைத்தால் வெள்ளவத்தை ஒழுங்கையில் தோள் கழன்றுவிடும். மாங்குளத்தில் ஸ்டியரிங் அப்படியே பூவாக இருக்கும். பெருவீதியின் இலேசுக்குக் காரணம் எண்ணெயின் அழுத்த உச்சம் அல்ல, ஓட்டத்தின் அளவு. வேடிக்கை என்னவென்றால், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதுதான் நமக்கு உதவி அதிகம் வேண்டும். வேகமாகச் சுற்றும்போது உதவி வேண்டவே வேண்டாம். பம்பியோ எஞ்சினின் சுழற்சியில் ஓடுவது. அதைத் தன்போக்கில் விட்டால் நேர்மாறாகத்தான் செய்யும். அதனால்தான் பம்பி வாசலில் ஒரு சிறு துவாரத்தையும் ஒரு வால்வையும் வைத்து, மேலதிக எண்ணெயை உள்ளேயே திருப்பி அனுப்புகிறார்கள்.

இந்தச் சிக்கல் பவர் ஸ்டியரிங்கோடு கூடப் பிறந்தது. அமெரிக்காவில் பியர்ஸ்-அரோ நிறுவனத்தின் லொறிப் பிரிவில் பொறியியலாளராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ் என்பவர், 1926இல் தனது காரில் இதைப் பொருத்தி ஓடிக் காட்டினார். பொருளாதார மந்தம் வந்து, செலவு அதிகம் என்று பெரிய நிறுவனங்கள் கைவிட்டன. இரண்டாம் உலகப்போரில் கவச வாகனங்களுக்குப் பயன்பட்டது. 1951இல்தான் கிரைஸ்லர் இம்பீரியல் மூலம் விற்பனைக்கு வந்த கார்களில் ஏறியது. அதன் பிறகு அமெரிக்கக் கார்கள் ஒரு விரலால் திருப்பும் சுகத்தைப் போட்டிபோட்டு விற்றன. கைக்குப் பாதை தெரியவில்லை என்ற முறைப்பாடும் கூடவே எழுந்தது. 1970இல் பிரான்ஸின் சிற்றோன் நிறுவனம் தனது எஸ்.எம். காரில், வேகம் கூடக்கூட ஸ்டியரிங் தானாக இறுகும் ஏற்பாட்டைச் செய்தது. இன்று மின்மோட்டாரும் கணினியும் அந்த வேலையைப் பார்க்கின்றன. எங்கள் 1995ஆம் ஆண்டு வாகனத்துக்கு இருந்தது அந்தச் சிறு துவாரம் மட்டும்தான். அதையும் நான் கழற்றிச் சாமான் அறையில் எறிந்திருந்தேன்.

பழைய பம்பி இருக்கிறதா என்று பாஸ் கேட்டபோதுதான் அந்தப் பொலித்தீன் பை நினைவுக்கு வந்தது. ஒரு மூட்டை பழைய பத்திரிகைகளுக்கு அடியில் கிடந்தது. இரண்டு பம்பிகளின் வாசல் இணைப்பையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, இரு கைகளிலும் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே காட்டினார். ஒன்றில் துவாரம் ஊசிமுனை போல. மற்றதில் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி பெரிது. 400 கிலோமீற்றர் தூரப் பயணத்தில் இரண்டு உயிர்களின் தலைவிதி அந்த வித்தியாசத்துக்குள் இருந்திருக்கிறது. பழைய பம்பியின் உட்பாகங்களில் தேய்மானம் எதுவும் இல்லை. எண்ணெய்த் தடுப்பு ரப்பர் வளையங்கள் மட்டும் செத்திருந்தன. அவற்றை மாற்றியதற்கு ஆன செலவு, பாவித்த பம்பிக்கு நான் கொடுத்ததில் ஒரு சிறு பங்குதான்.

(பெரிய பம்பியின் துவாரத்தையே சிறிதாக்கிவிடலாமே என்று கேட்டேன். வெளிநாடுகளில் அளவு பார்த்துச் செய்த இணைப்புகள் விற்கிறார்கள், அதைப் போட்டால் சரி, இங்கே கடைசல்காரரிடம் கொடுத்து ஊகத்தில் செய்யும் விளையாட்டு அதுவல்ல என்று மறுத்துவிட்டார். கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ பழைய பிக்அப் ஒன்றைச் செல்லமாக வைத்திருக்கும் நண்பர்களுக்கும் இதையே சொல்வேன். ஸ்டியரிங் இலேசாக இருக்கிறதென்றால் முதலில் டயர்க் காற்று, பிறகு வாகனம் நிற்கும் நிலை, பிறகு சக்கரச் சாய்வின் அளவு. பம்பி கடைசி. பெட்டியின் திருகாணியைத் தொடவே வேண்டாம்.)

ஆனால் பம்பிக்கு முன்னர் தகடுகளைக் கழற்ற வேண்டியிருந்தது. அதற்கு அக்காவிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சட்டப்படி வாகனம் என் பெயரில்தான். என்றாலும், அத்தான் தன் கையால் போட்டது. அந்த இரும்பின் மேல்தான் நாலு வருடங்கள் ஒரு குடும்பமே ஓடியது. மகளின் படிப்பு அந்தத் தகடுகள் சுமந்தது. பிழை அவருடையது என்று சொல்வது போலாகிவிடுமோ என்ற தயக்கமும் இருந்தது. பாஸிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "நான்தான் போட்டுக் குடுத்தது, மாத்தயா" என்றார். "அவருக்குப் பாரம் இருந்துது."

அக்கா வீட்டுக்கு இருவருமாகவே போனோம். பாஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கதிரையின் நுனியில் அமர்ந்து, எனக்கு விளக்கியதில் கால்வாசியை அக்காவுக்குச் சொன்னார். அக்கா கேட்டது ஒரே கேள்வி: "அவர் ஓடேக்கையும் இப்பிடித்தான் ஆடினதோ?" இல்லை என்றார் பாஸ். பாரத்தோடு ஓடியபோது ஆடியிருக்காது. வெறுமையாகத் திரும்பி வந்த நாட்களில் கொஞ்சம் ஆடியிருக்கும், அவர் மெதுவாக வந்திருப்பார் என்றார். "ஓம், திரும்பி வரேக்க எப்பவும் பிந்தித்தான் வருவார்" என்றார் அக்கா. பிறகு எழுந்து தேநீர் போடப் போனார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

தகடுகள் கழன்றன. முன்பக்க முறுக்குக் கம்பிகளின் ஆணிகளைத் திருகி மூக்கை உயர்த்தினார் பாஸ். கணினி வைத்து அளக்கும் இடத்துக்குப் போய், முன்சக்கரங்களின் கீழ்க்கரங்களைத் திருத்தி, அச்சின் சாய்வை இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார்கள். மறுபடியும் காக்கைத்தீவு, மறுபடியும் பெல்ட் இல்லாமல். கையை விட்டேன். ஸ்டியரிங் சுழன்று நடுவுக்கு வந்து நின்றது. பெல்ட்டைப் போட்டுப் பெரிய பம்பியோடு ஓடினோம். நேராக வந்தது, ஆனால் இன்னும் பூத்தான். பழைய பம்பியைப் பூட்டிய பின்னர்தான் கைக்குள் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. பாதையின் ஒரு சிறு வழுக்கல், ஓர் ஒட்டுப்போட்ட குழி, ஓரத்துச் சரிவு எல்லாம் உள்ளங்கைக்குத் தெரிந்தன. ஆறு மாதம் காது அடைத்திருந்தவனுக்குத் திறந்தது போல.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. வெள்ளவத்தையில் வாகனத்தை நிறுத்தும்போது தோள் மறுபடி முறையிட்டது. வைத்தியரிடம் சொன்னேன். நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பாமல், வாகனம் ஓர் அடியாவது அசையும்போது திருப்பச் சொன்னார். பாஸும் இதையேதான் சொல்லியிருந்தார். தோளுக்கும் பெட்டிக்கும் ஒரே மருந்து.

செய்தி மேசையில் இப்போது ஒரு புதிய பழக்கம். 'கட்டுப்பாட்டை இழந்து' என்று வந்தால் நிருபரைத் திருப்பி அழைக்கிறேன். என்ன வாகனம், எத்தனை வருடம் பழையது, அண்மையில் ஏதாவது திருத்தினார்களா என்று கேட்கிறேன். பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. இளம் நிருபர்கள் சலித்துக்கொள்கிறார்கள் என்பதும் தெரியும். 

2024 ஆடியில் அத்தானின் திவசம் வந்தது. அக்காவிடம் பஸ் ஆசனம் பதிவு செய்யட்டுமா என்று கேட்டேன். "ஏன், வாகனம் பழுதோ?" என்றார். புளியங்குளம் கடந்ததும் அவருடைய கை முன்னாலிருந்த பிடிக்குப் போவதைக் கடைக்கண்ணால் பார்த்தேன். எழுபதிலிருந்து அறுபதுக்கு இறக்கினேன். கனகராயன்குளத்தில் கை மடிக்குத் திரும்பியது. முறிகண்டியில் இறங்கியபோது நன்றாக நித்திரை கொண்டிருந்தவரை நான்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

கழற்றிய இரண்டு தகடுகளையும் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க பாஸ் ஒதுக்கி வைத்திருந்தாராம். அக்கா ஆள் அனுப்பி எடுப்பித்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, கொட்டாஞ்சேனை வீட்டுப் பின்முற்றத்தில் இரண்டு செங்கல் வரிசைகளுக்குக் குறுக்கே வைத்திருக்கிறார். அதன் மேல் இப்போது துளசிச் சாடிகள் ஐந்து நிற்கின்றன.